கம்பெனி சிஸ்டமா, அசெம்பிள்டா? குறைந்த பட்ஜெட்டில் டெஸ்க்டாப் வாங்குவோர் கேட்கும் கேள்விகள்

வீட்டுக்கோ சின்ன அலுவலகத்துக்கோ 30,000 முதல் 50,000 ரூபாய்க்குள் ஒரு டெஸ்க்டாப் வாங்க நினைப்பவர்களுக்கான பக்கம் இது. டெல், எச்பி போன்றவர்கள் முழுதாகச் செய்து விற்பது கம்பெனி சிஸ்டம், பாகம் பாகமாக வாங்கிப் பூட்டுவது அசெம்பிள்டு. லட்ச ரூபாயைத் தாண்டும் கேமிங் சிஸ்டம் பற்றி இங்கே பேச்சில்லை. அவ்வளவு செலவழிப்பவர் தனக்கு என்ன வேண்டும் என்று தெரிந்துதான் கடைக்கு வருவார். எண்ணி எண்ணிச் செலவழிப்பவருக்குத்தான் ஒரு தப்பான பாகம் வலிக்கும்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள்: கம்பெனி சிஸ்டமா, அசெம்பிள்டா?

டேலியில் கணக்கு எழுத வேண்டும், பிள்ளைகள் ஆன்லைன் வகுப்பு பார்க்க வேண்டும், மூடியையே திறக்காமல் ஐந்து வருடம் ஓடினால் போதும் என்றால் கம்பெனி சிஸ்டம் வாங்குங்கள். பிறகு கிராபிக்ஸ் கார்டு போடுவேன், எது போனாலும் அதை மட்டும் மாற்றிக்கொள்வேன் என்றால் அசெம்பிள்டு. இன்றைய விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இந்தத் தொகைக்குள் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரும்பாலும் சில ஆயிரங்கள்தான். மூன்றாம் வருடம் ஏதாவது போகும்போது என்ன செலவாகும், யாரிடம் போய் நிற்க வேண்டும் என்பதுதான் உண்மையான வித்தியாசம்.

அசெம்பிள் பண்ணினால் பாதி விலைக்கு முடியும் என்று மாமா சொல்கிறாரே?

மாமா வாங்கிய காலத்துக்கு அது சரி. தொண்ணூறுகளில் கம்பெனி கம்ப்யூட்டர் விலைக்கும் சென்னையின் எலக்ட்ரானிக்ஸ் சந்தையான ரிச்சி தெருவில் பூட்டிய கம்ப்யூட்டர் விலைக்கும் சம்பந்தமே இருக்காது. ஆனால் அந்த மலிவில் ஒரு பங்கு, பில் போடாமல் வாங்கியதிலும் விண்டோஸை ஓசியில் ஏற்றியதிலும் வந்தது. இன்று பாகமாக வாங்கினாலும் 18 சதவீதம் ஜிஎஸ்டி, முழுதாக வாங்கினாலும் 18 சதவீதம். கம்பெனிக்காரர் ப்ராசஸரை லட்சக்கணக்கில் வாங்குகிறார், நாம் ஒன்று வாங்குகிறோம். விண்டோஸ் உரிமமும் அவருக்கு நமக்குக் கிடைப்பதைவிட வெகு மலிவு.

2025 கடைசியில் இதோடு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்புகளை அள்ளிக்கொண்டு போனதில் கடைகளில் ராம் விலை இரண்டு மடங்கைத் தாண்டியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், குரூஷியல் என்ற பெயரில் நம் போன்றவர்களுக்கு ராமும் எஸ்எஸ்டியும் விற்றுவந்த வியாபாரத்தையே மூடப்போவதாக அறிவித்தது. இப்படிப்பட்ட நேரத்தில், பழைய விலை ராமோடு கடையில் நிற்கும் கம்பெனி சிஸ்டம் அசெம்பிள்டைவிட மலிவாகவே கிடைக்கலாம். ஆகவே எந்தக் கணக்கையும் தொடங்கும் முன் 16 ஜிபி ராம் இன்று என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.

கம்பெனிக்காரர்கள் எதில் மிச்சம் பிடிக்கிறார்கள்?

அட்டைப்பெட்டியில் பெரிய எழுத்தில் வராத பாகங்களில். "கோர் ஐ3, 8 ஜிபி, 512 ஜிபி எஸ்எஸ்டி" என்று மூன்று விஷயம் விளம்பரத்தில் இருக்கும். எஸ்எம்பிஎஸ் (பாகங்களுக்கு மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி) எத்தனை வாட், மதர்போர்டில் (எல்லாப் பாகமும் மாட்டும் பலகை) எத்தனை ஸ்லாட், ராம் ஒரே குச்சியா இரண்டா என்பதெல்லாம் இருக்காது.

கடையில் டிஸ்பிளேக்கு வைத்திருக்கும் பெட்டியின் பக்க மூடியைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். பின்னால் இரண்டு திருகு, அவ்வளவுதான். காட்ட மறுத்தால் அதே மாடலை யாராவது பிரித்துக் காட்டும் வீடியோவைத் தேடிப் பாருங்கள். முதலில் பார்க்க வேண்டியது எஸ்எம்பிஎஸ். மலிவு டவர்களில் 180 வாட் சாதாரணம். அதன் தரத்தைக் குறை சொல்ல முடியாது, அந்த ப்ராசஸருக்கு அது தாராளமாகப் போதும். ஆனால் அதிலிருந்து மதர்போர்டுக்குப் போகும் வயரைப் பாருங்கள். கடையில் கிடைக்கும் எந்த எஸ்எம்பிஎஸ்ஸிலும் 24 முனை பிளக் இருக்கும். இதில் பல நேரம் 4, 6, 8 முனை என்று அந்தக் கம்பெனிக்கே உரிய ஒன்று இருக்கும். வாரண்டி முடிந்த பிறகு எஸ்எம்பிஎஸ் போனால் தெருமுனைக் கடையில் வாங்கி மாட்ட முடியாது. கம்பெனி ஸ்பேருக்கு அலைய வேண்டும், அல்லது மாற்று வயர் தேட வேண்டும்.

அடுத்தது மதர்போர்டு. திருகு விழும் துளைகள் பொது அளவில் இல்லாத போர்டுகள் நிறைய. போர்டு போனால் வேறு போர்டு அந்தக் கேபினட்டில் உட்காராது. புது போர்டோடு புது கேபினட், புது எஸ்எம்பிஎஸ் என்று செலவு அடுக்கிக்கொண்டே போகும். மலிவாக வாங்கியதன் வட்டியை மொத்தமாகக் கட்டும் இடம் இதுதான்.

மூன்றாவது ராம். 8 ஜிபி ஒரே குச்சியாக இருக்கும். தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாத சிஸ்டத்தில் ராமைத்தான் திரைக்கும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஒரே குச்சி என்றால் பாதி அகலச் சாலையில் இரண்டு பேர் போகிற கதை. இரண்டாவது ஸ்லாட் காலியாக இருந்தால் பிறகு ஒரு 8 ஜிபி சேர்த்துச் சரிசெய்துவிடலாம், காலி ஸ்லாட் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அசெம்பிள்டு என்றால் முதலிலேயே 8 ஜிபி இரண்டாக வாங்குங்கள்.

நானே உட்கார்ந்து மாட்டுவது கஷ்டமா?

இல்லை. ஒரு ஸ்டார் ஸ்க்ரூடிரைவர், ஒரு மேசை, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். தமிழிலேயே ஏராளமான வீடியோ இருக்கிறது, அதனால் படிப்படியாக இங்கே எழுதவில்லை. வழக்கமாக இடறும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

ப்ராசஸரை அழுத்தக் கூடாது. மூலையில் இருக்கும் சின்ன முக்கோணத்தைப் பார்த்து வைத்தால் தானே உட்காரும். ஏஎம்டியின் ஏஎம்4 சாக்கெட் (ப்ராசஸர் உட்காரும் இடம்) வகை ரைசனில் பின்கள் ப்ராசஸரின் அடியில் இருக்கும், இன்டெலிலும் ஏஎம்5-லும் பின்கள் போர்டில் இருக்கும். வளைந்தால் இரண்டுமே வாரண்டியில் வராது. ராமை "டக்" என்று சத்தம் வரும்வரை அழுத்தணும். அரைகுறையாக மாட்டிவிட்டு டிஸ்பிளே வரவில்லை என்று பதறுபவர்கள்தான் அதிகம். கேபினட்டின் பவர் பட்டனிலிருந்து வரும் பொடிப்பொடி வயர்கள் எரிச்சல் தரும், போர்டு புத்தகத்தின் அந்த ஒரு பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செருகுங்கள்.

இன்னொன்று பயாஸ், சிஸ்டத்தைத் தொடக்கிவைக்கும் போர்டின் மென்பொருள். இன்டெலுக்கான பழைய ஸ்டாக் எச்610 போர்டில் 14ஆம் தலைமுறை ப்ராசஸரைப் போட்டால் திரை இருட்டாகவே இருக்கலாம். போர்டு கெட்டுப்போகவில்லை, அதற்கு இந்த ப்ராசஸரைத் தெரியாது, அவ்வளவுதான். வாங்கும்போதே பயாஸ் அப்டேட் செய்து தரச் சொல்லிவிடுங்கள்.

ரிச்சி தெருவில் கடைக்காரரே மாட்டித் தருகிறாரே, பிறகு எதற்கு நான் மெனக்கெட வேண்டும்?

மெனக்கெட வேண்டாம். நம் ஊரில் அசெம்பிள்டு என்றால் நூற்றுக்குத் தொண்ணூறு பேருக்கு இதுதான் அர்த்தம். மாட்டுவதற்குப் பெரும்பாலும் தனியாகக் காசு கேட்க மாட்டார்கள், கேட்டாலும் கொடுக்கலாம். கைவேலையை விடுங்கள், லிஸ்ட் மட்டும் உங்களுடையதாக இருக்க வேண்டும்.

அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், ரிச்சி தெருவும் நரசிங்கபுரம் தெருவும் மீரான் சாகிப் தெருவும் சேர்ந்த வட்டாரம் அது. மெட்ரோவில் வந்தால் அரசினர் தோட்டத்தில் இறங்கி நடக்கலாம். ஞாயிறு பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும். நுழைந்ததும் "என்ன சார் வேணும், சிஸ்டமா, லேப்டாப் சர்வீஸா?" என்று கையைப் பிடிக்காத குறையாகக் கூப்பிடுவார்கள். முதல் கடையிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள். மூன்று கடையில் ஒரே லிஸ்டைக் கொடுத்து எழுத்தில் கொட்டேஷன் வாங்குங்கள். எழுத்தில் என்றால் "இன்டெல் ஐ3, 16 ஜிபி, 500 எஸ்எஸ்டி" என்று அல்ல. ஒவ்வொரு பாகத்துக்கும் கம்பெனி, மாடல் எண், வாரண்டி வருடம் மூன்றும் இருக்க வேண்டும்.

சிக்கல் வருவது பணம் கட்டும் நேரத்தில்தான். "அந்த போர்டு ஸ்டாக் இல்ல சார், இதுவும் சேம்தான்." சேம் இல்லை. பெரும்பாலும் ஒரு படி குறைந்ததாக இருக்கும், விலை மட்டும் சேமாக இருக்கும். மாற்றுப் பொருளின் மாடல் எண்ணைக் கேட்டு, அங்கேயே போனில் தேடிப் பாருங்கள். அதற்குள் கடைக்காரர் முகம் சுளித்தால் அடுத்த கடை பத்தடியில் இருக்கிறது.

லிஸ்டில் பெயரே இல்லாமல் வரும் ஒரு பாகம் உண்டு: கேபினட்டோடு "ஃப்ரீ"யாக வரும் எஸ்எம்பிஎஸ். மேலே 450 வாட் என்று ஒட்டியிருக்கும். கையில் தூக்கிப் பார்த்தாலே தெரியும், அந்த வாட்டுக்கு அது கனமே இருக்காது. அதைக் கேபினட்டோடு வாங்கவே வாங்காதீர்கள். 80 பிளஸ் ப்ரான்ஸ் (வெண்கலம்) என்ற மின்சிக்கன முத்திரையோடு தெரிந்த கம்பெனியின் 450 அல்லது 550 வாட் வாங்குங்கள். மொத்த பட்ஜெட்டில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். ப்ராசஸரில் ஒரு படி இறங்கியாவது இதை வாங்கலாம் என்பது என் கட்சி. ப்ராசஸர் மெதுவாக இருந்தால் கொஞ்சம் காத்திருப்பீர்கள், மட்டமான எஸ்எம்பிஎஸ் வெடித்தால் போர்டையும் கூடவே கூட்டிக்கொண்டு போகும்.

மாட்டி முடித்த பிறகு எல்லா அட்டைப்பெட்டிகளையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பில்லில் சீரியல் நம்பர்களை எழுதச் சொல்லுங்கள்.

எந்த ப்ராசஸர், எந்த போர்டு?

தனி கிராபிக்ஸ் கார்டு இல்லாமல் ஓட்ட வேண்டும் என்பதால் தேர்வு குறுகியது. இன்டெலில் ஐ3-12100 நான்கு கோர், சாதாரண வீட்டு வேலைக்குத் தாராளம். ஐ5-12400 ஆறு கோர், வீடியோ எடிட்டிங் தொடங்குபவருக்கு நல்லது. ஏஎம்டியில் ரைசன் 5 5600ஜி 2021இல் வந்தது, ஆறு கோர். அதன் உள்கட்டு கிராபிக்ஸ் இந்த இன்டெல்களைவிட வேகமானது, டிடிஆர்4 என்ற பழைய வகை ராமில் ஓடும். கையில் பழைய டிடிஆர்4 குச்சிகள் இருந்தால் அதற்கே முதல் ஓட்டு.

பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெலில் "எஃப்" என்று முடிந்தால் அதில் கிராபிக்ஸ் கிடையாது. ஐ5-12400எஃப் விலை குறைவு என்று வாங்கிவந்து, மானிட்டரில் ஒன்றும் வரவில்லை என்று திரும்பிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். கார்டு வாங்குவது உறுதி என்றால் மட்டும் எஃப்.

வருங்காலம் பற்றிக் கவலைப்படுபவருக்கு: 12, 13, 14ஆம் தலைமுறை இன்டெல்கள் ஒரே சாக்கெட், அதோடு அந்தச் சாக்கெட் முடிந்துவிட்டது. ஏஎம்4 கதையும் முடிந்ததுதான். 2022இல் வந்த ஏஎம்5-க்குத்தான் இன்னும் ஆயுள் இருக்கிறது, ஆனால் அது டிடிஆர்5 என்ற புது வகை ராமை மட்டுமே ஏற்கும். ராம் விலை ஏறிக்கிடக்கும் நேரத்தில் அங்கே பட்ஜெட் உடையும். நேர்மையாகச் சொன்னால், 40,000 ரூபாய் சிஸ்டம் வாங்குபவர்களில் ப்ராசஸரை மட்டும் மாற்றி மேம்படுத்துகிறவர் அபூர்வம். ராம் கூட்டுவார்கள், எஸ்எஸ்டி கூட்டுவார்கள், கார்டு போடுவார்கள். அதற்கு இடம் இருந்தால் போதும்.

பையன் கேம் விளையாட வேண்டும் என்கிறான். கம்பெனி சிஸ்டம் வாங்கிப் பிறகு கார்டு போடலாமா?

போடலாம், ஆனால் மிகச் சில கார்டுகளைத்தான். மதர்போர்டு ஸ்லாட் வழியாக ஒரு கார்டு 75 வாட் வரை எடுத்துக்கொள்ளலாம். அதற்கு மேல் தின்னும் கார்டுக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி வயர் வேண்டும். கம்பெனி எஸ்எம்பிஎஸ்ஸில் பெரும்பாலும் அந்த வயரே இருக்காது. தனி வயர் கேட்காத கார்டுகளில் 70 வாட் ஆர்டிஎக்ஸ் 3050 6 ஜிபி ஒன்று, அதைவிட எளிய ஆர்எக்ஸ் 6400 ஒன்று. ஆனால் 180 வாட் எஸ்எம்பிஎஸ்ஸில் இந்த 70 வாட்டே இறுக்கம்தான். ஒல்லிக் கேபினட் என்றால் கார்டு நுழையுமா என்பது வேறு கேள்வி.

இரண்டு வருடத்தில் கார்டு என்ற எண்ணம் இருந்தால் இன்றே அசெம்பிள்டு வாங்கி, கார்டு இல்லாமல் ஓட்டுங்கள். 550 வாட் எஸ்எம்பிஎஸ் ஒன்றைப் போட்டு வைத்திருந்தால் பிறகு 132 வாட் ஆர்எக்ஸ் 6600 போன்ற கார்டை எந்த மாற்றமும் இல்லாமல் செருகலாம். செருகிய பிறகு மானிட்டர் வயரைக் கார்டில் மாட்டச் சொல்லுங்கள். பழைய இடத்திலேயே விட்டுவிட்டு "கேம் இன்னும் திக்குது" என்று போன் வரும்.

ஐடி கம்பெனியிலிருந்து வந்த பழைய சிஸ்டம் பன்னிரண்டாயிரத்துக்குத் தருகிறார்களே?

இந்தப் பக்கத்திலேயே காசுக்கு அதிகம் தருவது அதுவாக இருக்கலாம். டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர் எல்லாம் அலுவலகத்துக்கென்று உறுதியாகச் செய்தவை. ஒரே நிபந்தனை தலைமுறை. விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. விண்டோஸ் 11 முறைப்படி ஏறுவதற்கு இன்டெல் 8ஆம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும் வேண்டும். 6, 7ஆம் தலைமுறை ஐ5-6500, ஐ5-7500 வைத்த பெட்டிகள் சந்தையில் குவிந்து கிடப்பதும் மலிவாக விழுவதும் இதனால்தான். "லெவன் ஏத்தித் தரேன் சார்" என்பார்கள். குறுக்கு வழியில் ஏறும், ஆனால் அப்டேட் வரும் என்று மைக்ரோசாஃப்ட் வாக்குத் தராது.

லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளத் தயாராக இருப்பவருக்கு அந்த ஆறாம் தலைமுறைப் பெட்டி இன்னும் நல்ல சிஸ்டம்தான். தமிழ் தட்டச்சு, லிப்ரே ஆபிஸ், யூடியூப் எல்லாம் ஓடும். டேலி வேண்டுமென்றால் அந்த வழி வேண்டாம்.

வாங்கும்போது எஸ்எஸ்டி புதிதாகப் போட்டுத் தரச் சொல்லுங்கள். கடை வாரண்டி மூன்று மாதமா ஒரு வருடமா என்று பில்லில் எழுதி வாங்குங்கள். கம்பெனிக்கே உரிய பிளக், போர்டு பற்றி மேலே சொன்னது இதற்கும் பொருந்தும். ஆனால் இந்த மாடல்கள் ஆயிரக்கணக்கில் வெளியே வந்திருப்பதால் பழைய ஸ்பேர் சுலபமாகக் கிடைக்கும்.

அசெம்பிள்டுக்கு விண்டோஸ்?

உங்கள் செலவு. கம்பெனி சிஸ்டத்தில் உரிமம் மதர்போர்டோடு சேர்ந்தே வரும். அசெம்பிள்டை ஒப்பிடும்போது அந்தத் தொகையைக் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும், பலர் சேர்ப்பதில்லை. தனியாக வாங்கும் ரீட்டெயில் உரிமத்தை அடுத்த சிஸ்டத்துக்கு எடுத்துப் போகலாம். ஐந்நூறு ரூபாய்க்கு வாட்ஸ்அப்பில் வரும் கீ பெரும்பாலும் எங்கோ ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்த மொத்த உரிமத்திலிருந்து கசிந்தது. ஒருநாள் செத்துப்போனால் கேட்க ஆள் இருக்காது.

வாரண்டி எதில் மேல்?

வருடக் கணக்கில் அசெம்பிள்டு, நிம்மதிக் கணக்கில் கம்பெனி. பெட்டியோடு வரும் ப்ராசஸருக்கு 3 வருடம், மதர்போர்டுக்குப் பெரும்பாலும் 3, எஸ்எஸ்டிக்கு 3 முதல் 5, நல்ல எஸ்எம்பிஎஸ்ஸுக்கு 3 அல்லது 5 என்று தனித்தனியாக உண்டு. கம்பெனி சிஸ்டத்துக்கு வழக்கமாக ஒரே வருடம், ஆனால் ஆள் வீட்டுக்கு வருவார். அசெம்பிள்டில் எது போயிற்று என்று நீங்களோ கடைக்காரரோ கண்டுபிடித்து, அந்தப் பாகத்தின் சர்வீஸ் சென்டருக்குத் தூக்கிப் போக வேண்டும். மாற்றி வர சில வாரம் ஆகலாம், அதுவரை சிஸ்டம் இருக்காது.

கடையிலிருந்து தூரத்தில், சின்ன ஊரில் இருப்பவர்களுக்கு நான் கம்பெனியையே சொல்வேன். கூடவே வாரண்டியை மூன்று வருடமாக நீட்டிக்கும் பேக்கையும் சேர்த்துப் பாருங்கள். வாங்கும் முன் அந்தக் கம்பெனியின் கஸ்டமர் கேரில் உங்கள் பின்கோடைச் சொல்லி, வீட்டுக்கு ஆள் அனுப்புவார்களா என்று கேளுங்கள். பரமக்குடியிலும் ஆரணியிலும் இருப்பவருக்கு ப்ராசஸர் வேகத்தைவிட இந்த ஒரு பதில் முக்கியம்.

வெளிநாட்டிலிருந்து வந்த பில் இல்லாத ப்ராசஸர், கார்டு எல்லாம் சில ஆயிரம் குறைவாகக் கிடைக்கும். அவற்றுக்கு இந்தியாவில் வாரண்டி எடுபடாது என்று வைத்துக்கொண்டே வாங்குங்கள்.

லேப்டாப்பே வாங்கிவிட்டால்?

வெளியே எடுத்துப் போக வேண்டும் என்றால் வாங்குங்கள். ஒரே மேசையில்தான் இருக்கும் என்றால் அதே காசுக்கு டெஸ்க்டாப் வேகமும் அதிகம், ஆயுளும் அதிகம்.

மானிட்டருக்கு எவ்வளவு ஒதுக்க வேண்டும்?

22 அல்லது 24 இன்ச், ஃபுல் எச்டி, ஐபிஎஸ் பேனல். சிஸ்டம் இரண்டு முறை மாறும், மானிட்டர் அப்படியே இருக்கும். பிள்ளைகளின் கண்ணும் அதையேதான் பார்க்கிறது, இதில் கஞ்சத்தனம் வேண்டாம்.

யுபிஎஸ் கட்டாயமா? வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது.

டெஸ்க்டாப் என்றால் கட்டாயம். மின்சாரம் போனதும் இன்வெர்ட்டர் மாறும் அந்த இமைப்பொழுதில் சிஸ்டம் ரீஸ்டார்ட் ஆகிவிடும் வீடுகள் உண்டு. கார்டு இல்லாத சிஸ்டத்துக்கு 600 விஏ போதும். அது ஏறத்தாழ 360 வாட், சேமித்துவிட்டு அணைக்கும் அளவு நேரம் தரும். கார்டு வைத்த சிஸ்டம் என்றால் 1,000 விஏ பக்கம் போங்கள். யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடத்தில் சாகும், அது இயல்பு, யுபிஎஸ்ஸையே தூக்கிப் போடாதீர்கள்.

புது அசெம்பிள்டு சிஸ்டம். கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்கிறது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?

பெரும்பாலும் கடைக்காரர் மேல் தப்பில்லை, உங்கள் வீட்டு எர்த் சரியில்லை. எஸ்எம்பிஎஸ்ஸுக்குள் இரைச்சலை வடிகட்டும் சின்ன கெப்பாசிட்டர்கள் கேபினட்டின் உலோகத்தோடு இணைந்திருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு தரைக்குப் போய்விடும். எர்த் இல்லாவிட்டால் 230 வோல்ட்டில் பாதியளவு கேபினட்டில் நிற்கும், மிக மெல்லிய மின்னோட்டமாக. புறங்கையால் தடவினால் நன்றாகத் தெரியும், வெறுங்காலோடு நின்றால் இன்னும் தெரியும். கம்பெனி சிஸ்டத்திலும் இதே கதைதான், அதன் பிளாஸ்டிக் முகப்பு மறைத்துவிடுகிறது.

பழைய வீடுகளில் மூன்றாவது பின் துளை இருக்கும், அதன் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு எர்த்துக்கும் ஃபேஸுக்கும் (கரண்ட் வரும் வயர்) நடுவே டெஸ்ட் லாம்ப் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதுவரை மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் செருகி ஓட்டாதீர்கள், சிஸ்டம் ஓடும்போது பின்பக்க யுஎஸ்பியில் கை வைத்துத் துழாவவும் வேண்டாம்.